கருவறையின் நாட்கணக்கு: முளைய வளர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழ் மொழி மூலம் உயிரியல் கற்பித்துவருகிறேன். முளையவியல் அலகு தொடங்கும் வாரங்களில் மாணவிகள் தம் சொந்தக் கேள்விகளோடு அக்காமார், மச்சாள்மார், அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள் ஆகியோரின் கேள்விகளையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். கிளினிக்கில் கூட்டம் அதிகம், ஸ்கான் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, நினைத்ததைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த இலக்கம் அழைக்கப்பட்டுவிடுகிறது. அவ்வாறு என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கலம் (செல்), நிறமூர்த்தம் (குரோமோசோம்), முளையம் (கரு) என எமது பாடநூல்களின் சொற்களையே கையாண்டிருக்கிறேன். நான் மருத்துவர் அல்லேன் என்பதால், ஒருவருடைய உடல்நிலை சார்ந்த தீர்மானத்தை அவருடைய மருத்துவரே எடுக்க வேண்டும்.

பத்து மாதம் சுமந்ததாகச் சொல்கிறோம், டொக்டரோ ஒன்பது மாதம் என்கிறார். எது சரி?

இரண்டும் சரி. கர்ப்பகாலம் 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் எனக் கணக்கிடப்படுகிறது. மாதத்துக்கு 28 நாட்கள் என்று எண்ணினால் அது சரியாகப் பத்து மாதம். நாட்காட்டி மாதமாக எண்ணினால் ஒன்பது மாதமும் ஏறத்தாழ ஒரு வாரமும். இந்தக் கணக்குக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. எங்கள் ஊர்களில் கர்ப்பிணியை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று சொல்லும் வழக்கத்திலும் இதே கணக்குத்தான் இருக்கிறது. மாதவிடாய் கழிந்து தலைமுழுகுவது எந்த மாதத்தில் நின்றதோ அதைக்கொண்டே அம்மம்மாமார் நாள் எண்ணினார்கள்.

பிரசவத் திகதியைக் கணிக்க இன்றும் பயன்படும் எளிய விதி, 19ஆம் நூற்றாண்டின் ஜேர்மனிய மகப்பேற்று மருத்துவர் நேகலேயின் பெயரால் வழங்குகிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளுக்கு ஏழு நாட்களைக் கூட்டி, மூன்று மாதங்களைப் பின்னோக்கி எண்ண வேண்டும். அந்த நாள் ஜனவரி 1 என்றால் பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாள் ஒக்டோபர் 8. மாதவிடாய்ச் சக்கரம் 28 நாட்களாக ஒழுங்காக வரும் பெண்ணுக்கே இந்த விதி நன்கு பொருந்தும். சக்கரம் நீண்டோ ஒழுங்கற்றோ இருப்பவர்களுக்கு, முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கானில் தலையுச்சியிலிருந்து பிட்டம் வரை அளக்கும் நீளமே நம்பகமானது.

திருமணம் முடிந்து ஐந்து வாரம்தான், ஆனால் ஸ்கானில் ஏழு வாரம் என்று எழுதியிருக்கிறார்களே?

என்னிடம் வரும் கேள்விகளில் மிகவும் வேதனையோடு கேட்கப்படுவது இதுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் மாமியார் ஸ்கான் தாளைக் கையில் வைத்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தார். மருமகள் அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியை இறக்கி, அந்தப் பெண்ணின் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளைப் பென்சிலால் வட்டமிட்டேன். அது திருமணத்துக்குச் சரியாகப் பதினான்கு நாட்களுக்கு முன்பு இருந்தது. ஸ்கான் தாள் அந்த வட்டத்திலிருந்து ஏழு வாரங்களைச் சொல்கிறது. ஆனால் 28 நாள் சக்கரத்தில் சூல்முட்டை வெளிவருவது ஏறத்தாழ 14ஆம் நாளில்; கருக்கட்டல் அதன் பின்னரே நிகழ முடியும். ஆகவே தாளில் எப்போதும் பிள்ளையின் உண்மையான வயதைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் கூடுதலாகவே இருக்கும். அந்தப் பிள்ளையின் வயது ஐந்து வாரம், திருமணத்தின் வயதும் ஐந்து வாரம். மாமியார் இரண்டு தடவை தானே விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகு எழுந்து மருமகளிடம் போனார்.

முளையவியல் நூல்கள் கருக்கட்டிய நாளிலிருந்தும் மருத்துவர்கள் மாதவிடாயிலிருந்தும் எண்ணுகிறார்கள் என்பதை எனது மாணவர்களுக்கு முதல் நாளே எழுதிப்போடுகிறேன். கருக்கட்டலிலிருந்து எண்ணினால் பிறப்பு வரை 266 நாட்கள், அதாவது 38 வாரங்கள். கீழே ‘கருக்கட்டிய பின்’ என்று நான் எழுதும் இடங்களில் இரண்டு வாரத்தைக் கூட்டினால் கிளினிக் கணக்குக் கிடைக்கும்.

கருக்கட்டிய பின் முதல் வாரத்தில் என்ன நடக்கிறது?

வெளிவந்த சூல்முட்டை அதிகபட்சம் ஒரு நாள் உயிருடன் இருக்கும். விந்துக்கள் பெண்ணின் உடலில் ஐந்து நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும். இரண்டும் சந்திப்பது பலோப்பியன் குழாயின் அகன்ற பகுதியில். தாயின் 23 நிறமூர்த்தங்களும் தந்தையின் 23 நிறமூர்த்தங்களும் சேர்ந்து 46 ஆகும் அந்த ஒற்றைக் கலமே நுகம். அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறியது என்பதால்தான் பாலூட்டிகளின் சூல்முட்டையை 1827இல் கார்ல் ஏர்ன்ஸ்ட் வொன் பேயர் ஒரு நாயின் சூலகத்தில் கண்டறியும்வரை எவரும் பார்த்திருக்கவில்லை.

நுகம் ஒரு நாளளவில் இரண்டாகப் பிரிகிறது, பின் நான்கு, எட்டு எனத் தொடர்கிறது. ஆனால் வெளியே ஓர் உறை சூழ்ந்திருப்பதால் மொத்தப் பருமன் கூடுவதில்லை, கலங்கள்தான் சிறுத்துக்கொண்டே போகின்றன. நான்காம் நாளளவில் இந்தக் கலக்கோளம் கருப்பைக்குள் இறங்குகிறது. ஐந்தாம் நாளில் உள்ளே திரவம் நிறைந்த குழியொன்று தோன்றி அது அரும்பர்ச்சிறைப்பை ஆகிறது. வெளிப்புறப் படைக் கலங்கள் பின்னர் சூல்வித்தகத்தின் (நஞ்சுக்கொடியின்) பகுதியாகும், உள்ளே ஒருபுறம் திரண்டிருக்கும் கலங்களிலிருந்தே பிள்ளை உருவாகும். கருப்பைச் சுவரில் ஒட்டிப் புதையத் தொடங்குவது ஆறாம், ஏழாம் நாட்களில். அது வழியிலேயே குழாயில் பதிந்துவிட்டால் அது உயிராபத்தான நிலை. மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் கடும் வலியும் இரத்தக்கசிவும் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பாமசியில் வாங்கும் சிறுநீர்ச் சோதனை எதைக் காட்டுகிறது?

பதிந்த முளையத்தின் வெளிப்புறப் படைக் கலங்கள் சுரக்கும் எச்.சீ.ஜீ. என்ற ஓமோனை. அது, சூல்முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் மஞ்சட்சடலத்தைத் தொடர்ந்து இயங்கவைத்து மாதவிடாய் வராமல் தடுக்கிறது. பதிவதற்கு முன் இந்த ஓமோன் சிறுநீரில் இராது என்பதால், மாதவிடாய் தள்ளிப்போகுமுன் செய்யும் சோதனை ‘இல்லை’ என்று காட்டினால் அதை முடிவாகக் கொள்ளக்கூடாது.

மூன்றாம் வாரத்தை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறார்கள்?

கருக்கட்டிய பின் மூன்றாம் வாரத்தில், அதுவரை இரண்டு படையாக இருந்த தட்டு மூன்று படையாகிறது. புறப்படையிலிருந்து மேற்தோலும் மூளையும் முண்ணாணும், இடைப்படையிலிருந்து தசை, என்பு, இதயம், குருதி, சிறுநீரகம் ஆகியனவும், அகப்படையிலிருந்து உணவுக்கால்வாயினதும் நுரையீரலினதும் உட்போர்வை, ஈரல், சதையி ஆகியனவும் தோன்றும். தலை எது, வால் எது, இடம் எது, வலம் எது என்பதும் அப்போதே தீர்மானமாகிவிடுகிறது. இது நடக்கும் நாட்களில் தாய்க்கு மாதவிடாய் தள்ளிப்போய் ஓரிரு நாட்களே ஆகியிருக்கும்; பலருக்குச் சந்தேகமே எழுந்திராது.

கர்ப்பம் உறுதியான பிறகு போலிக்கமில விற்றமின் மாத்திரை குடித்தால் போதாதா?

பெரும்பாலும் காலம் கடந்துவிடும் என்பதே நேர்மையான பதில்.

ஒரு வெற்றிலையை உள்ளங்கையில் விரித்து வையுங்கள். நடுநரம்பு பள்ளமாகட்டும்; இருபுற விளிம்புகளும் மெல்ல எழுந்து ஒன்றையொன்று நோக்கி வந்து நடுவில் தொட்டு ஒட்டட்டும். இப்போது உங்கள் கையில் ஒரு குழாய் இருக்கிறது. முளையத்தின் முதுகுப்புறத்தில் நடப்பதும் இதுவே. விளிம்புகள் முதலில் கழுத்துப் பகுதியில் ஒட்டி, பின் மேலும் கீழுமாக மூடிக்கொண்டு போகின்றன. தலைப்பக்கத் துவாரம் கருக்கட்டிய பின் ஏறத்தாழ 25ஆம் நாளிலும் வாற்பக்கத் துவாரம் ஏறத்தாழ 28ஆம் நாளிலும் மூடுகின்றன. இந்த நரம்புக்குழாயே பின்னர் மூளையும் முண்ணாணும் ஆகிறது. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முள்ளந்தண்டுப் பிளவு ஏற்படும். மேற்பகுதி மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாமல் போகும். அத்தகைய பிள்ளை பிழைப்பதில்லை.

28ஆம் நாள் என்பது கிளினிக் கணக்கில் ஆறு வாரம். மாதவிடாய் வராததைக் கவனித்து, ஒரு வாரம் பொறுத்திருந்து, சோதனை செய்து, கிளினிக் நாள் பார்த்துப் போகும்போது அந்தக் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமலே விடப்பட்டிருக்கும். போலிக்கமிலம் கலப்பிரிவுக்கும் டீ.என்.ஏ. உருவாக்கத்துக்கும் தேவையான விற்றமின். முன்பு இக்குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார், கருத்தரிக்குமுன் தொடங்கி அதை எடுத்தபோது, மீண்டும் அதே குறைபாடு ஏற்படும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது என்பதை 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆய்வு காட்டியது. கர்ப்பமாக விரும்பும் பெண்கள் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முன்பு இத்தகைய பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அளவு பல மடங்கு கூடும், அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். திருமணம் நிச்சயமான பெண்ணுக்குச் சேலையும் நகையும் பார்க்கும் வீட்டார், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ குடும்பநல உத்தியோகத்தரையோ ஒருமுறை தேடிப்போய் இதைக் கேளுங்கள் என்று நான் மன்றாடிச் சொல்கிறேன். மாத்திரை மிகச் சிறியது, ஆனால் அதை விழுங்க வேண்டிய காலம் பிள்ளை வருமுன்தான்.

இதயம் எப்போது துடிக்கத் தொடங்கும்? ஸ்கானில் துடிப்புத் தெரியவில்லை என்றார்கள்.

கருக்கட்டிய பின் ஏறத்தாழ 22ஆம் நாளில். அப்போது இதயம் நான்கு அறைகள் உள்ளதாக இராது. இரண்டு மெல்லிய குழாய்கள் இணைந்து உருவான ஒரே குழாயாகவே இருக்கும்.

இதை நேரில் காண ஒரு வழி இருக்கிறது. கடை முட்டைகள் கருக்கட்டாதவை என்பதால், சேவலோடு வளர்ந்த கோழியின் முட்டையை வாங்கி, 38 பாகை வெப்பத்தில் மூன்று நாட்கள் அடைவைத்து, இளஞ்சூடான உப்புநீர் நிறைந்த கிண்ணத்தில் மெதுவாக உடைப்போம். மஞ்சட்கருவின் மேல் சிவப்பு நூல்வலை படர்ந்திருக்கும். அதன் நடுவில் கடுகளவு சிவப்புப் புள்ளியொன்று துடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வகுப்பில் எவரும் பேசுவதில்லை. மனித முளையத்தின் நான்காம் வாரம் இதனோடு பெரிதும் ஒத்தது.

ஸ்கானைப் பொறுத்தவரை, யோனிவழி ஸ்கானில் துடிப்பு கிளினிக் கணக்கின் ஆறாம் வாரமளவில் தெரியத் தொடங்கும். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கானில் இன்னும் சில நாட்கள் செல்லலாம். கருக்கட்டல் ஒரு வாரம் பிந்தி நடந்திருந்தாலும் துடிப்புத் தெரியாது. ஆகவே ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி வரச்சொன்னால், அது நம்பிக்கை இழக்க வேண்டிய செய்தி என்று எண்ண வேண்டாம்.

முளையம், முதிர்மூலவுரு: வேறுபாடு என்ன?

கருக்கட்டிய பின் எட்டாம் வார முடிவு வரை முளையம். அதன் பிறகு பிறப்பு வரை முதிர்மூலவுரு. எட்டாம் வார முடிவில் நீளம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர்தான், ஆயினும் எல்லா முக்கிய உறுப்புகளுக்கும் அடித்தளம் போடப்பட்டிருக்கும். விரல்கள் வெளிநோக்கி முளைத்துப் பிரிவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கை முதலில் துடுப்புப்போல் தட்டையாக இருக்கிறது, விரல்களுக்கு இடையிலுள்ள கலங்கள் திட்டமிட்டபடி இறந்து மறைவதாலேயே விரல்கள் பிரிகின்றன.

கிரகணத்தன்று வெளியே போனால் பிள்ளைக்கு உதடு பிளக்குமா?

பிளக்காது. மேலுதடு என்பது நடுவிலிருந்தும் இரு கன்னங்களிலிருந்தும் வளர்ந்துவரும் பகுதிகள் சந்தித்து இணைவதால் உருவாவது. இந்த இணைவு கருக்கட்டிய பின் ஏழாம் வாரமளவில் முடிந்துவிடும். அண்ணம் மூடுவது பன்னிரண்டாம் வாரமளவில். எங்காவது இணைவு நடைபெறாமற்போனால் பிளவு எஞ்சுகிறது. பரம்பரையலகுகள், தாயின் புகைத்தல், சில வலிப்பு மருந்துகள் ஆகியன இதனோடு தொடர்புடையவை. ஆறாம் மாதத்தில் வந்த கிரகணத்தைக் காட்டி ஒரு தாயைக் குற்றம் சொல்வது, கட்டி முடித்துக் குடிபுகுந்த வீட்டின் அத்திவாரத்தை நேற்றுப் பெய்த மழை கெடுத்தது என்பதற்கு ஒப்பானது. இப்பிளவைச் சத்திரசிகிச்சையால் சீர்செய்ய முடியும் என்பதையே அத்தகைய பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டும்.

எந்த மருந்தும் குடிக்கக்கூடாதா?

அப்படியில்லை. வலிப்பு, ஆஸ்துமா, தைரொயிட் போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர் அதைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது. மருத்துவரிடம் கர்ப்பத்தைச் சொல்லிவிட்டு மருந்து பெறுவதே முறை.

பயம் ஏற்பட்டதற்கு வரலாறு இருக்கிறது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற மருந்தைத் தூக்கத்துக்கும் குமட்டலுக்குமாகப் பல நாடுகளில் கர்ப்பிணிகள் எடுத்தார்கள். கைகால் குறுகியோ இல்லாமலோ 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. ஜேர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், அவுஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிரைட் ஆகிய மருத்துவர்கள் 1961இல் காரணத்தைச் சுட்டிக்காட்டிய பிறகே அது மீளப்பெறப்பட்டது. தீங்கு விளைந்தது கருக்கட்டிய பின் ஏறத்தாழ 20 முதல் 36 வரையான நாட்களில் எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கே. எந்த உறுப்பு எப்போது உருவாகிறதோ அப்போதே அது எளிதில் ஊறுபடும் என்ற விதியை உலகம் இவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றது.

நோய்களிலும் இவ்விதி செல்லும். சிட்னியின் கண் மருத்துவர் நோர்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஜேர்மன் சின்னமுத்து, அதாவது ருபெல்லா கண்டிருந்தனர் என்பதை 1941இல் எடுத்துக்காட்டினார். இலங்கையில் ருபெல்லாத் தடுப்பூசி 1996இல் தொடங்கியது. 2020இல் இந்நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. இந்தத் தலைமுறைத் தாய்மார் இப்பெயரையே மறந்துவிட்டதற்கு அந்த ஊசியே காரணம், ஆகவே பிள்ளைகளுக்கு அதைத் தவறவிடாதீர்கள். மதுபானத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலையும் புகையிலையே.

பெண்பிள்ளையாகவே பெறுகிறாள் என்று மருமகளைக் குறைசொல்வது சரியா?

அறிவியலின்படி அது முழுத் தவறு. சூல்முட்டையில் எப்போதும் எக்ஸ் நிறமூர்த்தமே இருக்கும், எக்ஸ் அல்லது வை எதைக் கொண்டுவருவது என்பது விந்தைப் பொறுத்தது. தந்தையும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. கருக்கட்டிய பின் ஆறு வாரங்கள் வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் இனவுறுப்புகளின் தொடக்கம் ஒன்றுபோலவே இருக்கும். ஏழாம் வாரத்தில் வை நிறமூர்த்தத்திலுள்ள, 1990இல் அடையாளங்காணப்பட்ட எஸ்.ஆர்.வை. என்ற பரம்பரையலகு செயற்பட்டால் விதை (விந்தகம்) உருவாகத் தொடங்கும், இல்லாவிட்டால் சூலகம்.

தாயின் இரத்தம் பிள்ளைக்குள் ஓடுகிறதா?

இல்லை. வீட்டில் நஞ்சுக்கொடி என்றும் பாடநூலில் சூல்வித்தகம் என்றும் சொல்லப்படும் உறுப்பில் இரண்டு குருதிகளும் மெல்லிய சுவரொன்றின் இருபுறமும் தனித்தனியே ஓடுகின்றன. ஒட்சிசன், குளுக்கோசு, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் தாயின் பிறபொருளெதிரிகளில் ஒரு வகை ஆகியன பிள்ளைக்குச் செல்ல, காபனீரொட்சைட்டும் யூரியாவும் தாய்க்குத் திரும்புகின்றன. தொப்புள்கொடியில் இரண்டு நாடிகளும் ஒரு நாளமும் உண்டு. வழக்கத்துக்கு மாறாக ஒட்சிசன் செறிந்த குருதி நாளத்தில் வருவதால் பரீட்சையில் பலர் இங்கே தவறிவிடுகிறார்கள். நஞ்சு என்ற பெயரைக் கேட்டு அது விசமானது என நினைக்க வேண்டாம். ஏறத்தாழ அரைக்கிலோ எடையுள்ள இந்த ஒரே உறுப்பு, பிள்ளைக்கு நுரையீரலாகவும் சிறுநீரகமாகவும் உணவுக்கால்வாயாகவும் மாதக்கணக்கில் உழைத்திருக்கிறது.

கருச்சிதைவு என் தவறா?

பஸ்ஸில் போனேன், மாடிப்படி ஏறினேன், பப்பாசிப் பழம் சாப்பிட்டேன், கணவருடன் சண்டை பிடித்தேன் என்று அந்தப் பெண்கள் தம்மையே விசாரித்துக்கொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இவை எவையும் காரணமல்ல. முதல் மூன்று மாதங்களில் நிகழும் இழப்புகளில் ஏறத்தாழ அரைவாசிக்கு நிறமூர்த்த எண்ணிக்கையில் ஏற்பட்ட பிழையே காரணம். அந்தப் பிழை பெரும்பாலும் கருக்கட்டலுக்கு முன், முட்டையோ விந்தோ உருவாகும் ஒடுக்கற்பிரிவின்போது தற்செயலாக நேர்ந்திருக்கும். நீங்கள் எதைச் செய்திருந்தாலும், செய்யாதிருந்தாலும், அது மாறியிராது. ஆயினும் இழப்பு மீண்டும் மீண்டும் நேர்ந்தால் காரணம் தேடிப் பரிசோதிப்பது அவசியம்.

வயிற்றுப்பிள்ளைக்குக் கேட்குமா?

அபிமன்யுவின் கதையைச் சொல்லாமல் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. கிளினிக் கணக்கில் ஏறத்தாழ 25ஆம் வாரத்திலிருந்து ஒலிக்கு முதிர்மூலவுரு அசைந்து எதிர்வினை காட்டுகிறது. பிறந்து மூன்று நாட்களுக்குட்பட்ட குழந்தைகள் அந்நியப் பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காகவே தாம் உறிஞ்சும் விதத்தை மாற்றிக்கொண்டன என்பது 1980இல் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது. போர்வியூகம் விளங்காது, ஆனால் அம்மாவின் குரல் பழகிவிடுகிறது. ஏழாம் மாத வளைகாப்பின் வளையோசையும் கேட்டிருக்கலாம்.

ஏழு மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை பிழைக்காது என்பது உண்மையா?

உண்மையல்ல. கருப்பையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலமே. முன்கூட்டிப் பிறக்கும் குழந்தையின் பெரிய இடர் நுரையீரலில் இருக்கிறது. காற்றறைகள் மூச்சு வெளியேறும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருளொன்று கிளினிக் கணக்கில் 24ஆம் வாரமளவில் சுரக்கத் தொடங்கினாலும், போதிய அளவை எட்டுவது ஏறத்தாழ 35ஆம் வாரத்தில்தான். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி கொடுத்தால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்பதை நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி ஆகிய இருவரும் 1972இல் காட்டினார்கள். அந்த ஊசியைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

பிறந்தவுடன் முதல் மூச்சில் என்ன மாறுகிறது?

வயிற்றில் இருக்கும்வரை நுரையீரல் திரவத்தால் நிறைந்திருப்பதால், குருதியின் பெரும்பகுதி அதைத் தவிர்த்து இரண்டு குறுக்குவழிகளால் செல்கிறது: ஒன்று இதயத்தின் இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள நீள்வட்டத் துவாரம், மற்றது நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் குழாய். முதல் அழுகையோடு காற்று உள்ளே புகுந்து நுரையீரல் விரிய, அங்கு குருதி பாய்ந்து இடது மேலறையின் அமுக்கம் கூடுகிறது. துவாரத்தின் கதவு போன்ற மடிப்பு உடனே அழுத்தப்பட்டு மூடுகிறது. இணைப்புக் குழாய் அடுத்த சில நாட்களில் சுருங்கி அடைபடுகிறது. தொப்புள்கொடியின் நாளம் ஈரலோடு சேர்ந்த ஒரு நார்ப்பட்டையாக எஞ்சுகிறது. துவாரம் இருந்த இடம், மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் கட்டைவிரல் ரேகை பதிந்ததுபோன்ற சிறு பள்ளமாக, வாழ்நாள் முழுவதும் இருக்கும்.